எதுவும் நடக்காத அந்த நேரம்: கதை சொல்லும் கேம்கள் பற்றி

கலங்கரை:

ஃபயர்வாட்ச் என்ற கேமை நேற்று இரவு மூன்றாவது முறையாக முடித்தேன். தூக்கம் வரவில்லை. ரொம்ப நாளாக மனதில் கிடப்பதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். ஃபயர்வாட்ச், எடித் ஃபின்ச் இரண்டின் கதையையும் கீழே தொட்டிருக்கிறேன். விளையாடாதவர்கள் அந்தப் பத்திகளைத் தாண்டிவிடுங்கள்.

ஃபயர்வாட்ச் 2016-ல் வந்தது. காம்போ சாண்டோ என்ற சிறிய குழு செய்தது. கதை 1989 கோடையில் வயோமிங் காட்டில் நடக்கிறது. ஹென்றி என்பவர் காட்டுத்தீயைக் கண்காணிக்கும் கோபுரத்தில் வேலைக்குச் சேர்கிறார். மனைவிக்கு முதுமை வருவதற்கு முன்பே மறதி நோய் வந்துவிட்டது. அதற்கு முகம் கொடுக்க முடியாமல் இங்கே வந்தவர். பேச்சுத் துணை என்று இருப்பது தொலைவில் வேறொரு கோபுரத்தில் இருக்கும் டிலைலா மட்டும்தான். அதுவும் வாக்கி-டாக்கியில் வரும் குரலாக.

எல்லோரும் அந்தக் கேமின் மர்மத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். என்னைக் கட்டிப்போட்டது ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு நடக்கும் நேரம். வரைபடத்தைத் திறந்தால் கேம் நின்று தனிப் பக்கம் ஒன்று வராது. ஹென்றி ஒரு கையில் காகித வரைபடத்தையும் இன்னொரு கையில் திசைகாட்டியையும் பிடித்துக்கொள்வார், நாம் நடந்துகொண்டே பார்க்க வேண்டும். டிலைலா ஏதாவது கேட்பாள். பதில்கள் திரையில் வந்து சில நொடிகள் இருக்கும். எதையும் தேர்ந்தெடுக்காமல் விட்டால் அதுவும் ஒரு பதில்தான், ஹென்றி பேசாமல் இருந்துவிட்டார் என்று ஆகும். முதல் முறை விளையாடியபோது மனைவியைப் பற்றி அவள் கேட்ட ஒரு கேள்விக்குப் பதிலே சொல்லாமல் சரிவில் இறங்கிப் போனேன். சொல்ல மனம் வரவில்லை. அந்த ஐந்தாறு நொடி மௌனத்தில்தான் ஹென்றி யார் என்று எனக்குப் புரிந்தது. ஒரு வீடியோக் காட்சியில் அவரை அழ வைத்திருந்தால் இவ்வளவு நெருக்கமாக உணர்ந்திருக்க மாட்டேன்.

அடுத்தது வாட் ரிமெய்ன்ஸ் ஆஃப் எடித் ஃபின்ச். 2017-ல் வந்து, அடுத்த ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த கேம் விருது வாங்கியது. ஒரு குடும்பத்தில் ஒவ்வொருவரும் எப்படி இறந்தார்கள் என்பதை அவரவர் அறைக்குள் போய்ப் பார்க்கிறோம். அதில் லூயிஸின் கதை இருக்கிறது. மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை. கண்ட்ரோலரின் ஒரு ஸ்டிக்கால் மீனை எடுத்து, கத்திக்கு அடியில் தள்ளி, தலை வெட்டப்பட்டதும் ஒதுக்கிவிட வேண்டும். அடுத்த மீன் வரும். மறுபடி அதே அசைவு. இதற்கு நடுவில் லூயிஸ் கற்பனை செய்ய ஆரம்பிக்கிறான். திரையின் ஓரத்தில் சின்னதாக ஒரு ராஜ்யம் முளைக்கிறது. அதில் நடப்பதற்கு இன்னொரு ஸ்டிக். கொஞ்சம் கொஞ்சமாகக் கற்பனை திரை முழுவதையும் மூடிவிடுகிறது, ஆனால் ஒரு கை மட்டும் மீன் வெட்டுவதை நிறுத்தவில்லை. கண்ணுக்கு மீனே தெரியாத நிலையிலும் என் கட்டைவிரல் தானாக வெட்டிக்கொண்டிருந்தது. அதைக் கவனித்த நொடியில் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அவன் மனம் எங்கே போயிருக்கிறது, உடம்பு எங்கே மாட்டியிருக்கிறது என்று யாரும் விளக்கவில்லை. என் இரண்டு கைகளுக்கு இடையே அந்தப் பிளவு நடந்தது. எழுத்தில் இதை அழகாகச் சொல்லலாம், சினிமாவில் காட்டலாம், ஆனால் வாசிப்பவரின் கைக்குள் இதை வைக்க வேறு எந்தக் கலையாலும் முடியாது.

2013-ல் வந்த பிரதர்ஸ்: எ டேல் ஆஃப் டூ சன்ஸ் கேமிலும் இதே மாதிரி ஒரு இடம் உண்டு. கண்ட்ரோலரின் இடது பக்கம் அண்ணன், வலது பக்கம் தம்பி. இருவரையும் ஒருவரே ஓட்ட வேண்டும். முடிவுக்கு அருகில் ஒரே ஒரு பட்டனில் கதை முழுவதும் வந்து நிற்கும். அது என்ன என்று எழுத மாட்டேன். தெரியாமல் போய்ச் சேர்பவர்களுக்கு அதைக் கெடுப்பது பாவம்.

சரி, நான் சொல்ல வருவது இதுதான். சூழல் என்பதை நிறையப் பேர் அலங்காரமாக நினைக்கிறார்கள். மூடுபனி, மழை, பியானோ இசை போட்டால் வந்துவிடும் என்று. எனக்கு அப்படிப் படவில்லை. விளையாடுபவருக்குக் கொடுக்கப்படும் வெறும் நேரமும், அந்த நேரத்தில் கை என்ன செய்கிறது என்பதும் சேர்ந்துதான் சூழல். கதை அந்த இடைவெளியில்தான் உள்ளே இறங்குகிறது. பெரிய பட்ஜெட் கேம்கள் பலவற்றில் அந்த இடைவெளியையே விடுவதில்லை. ஒரு புதிரின் முன்னால் பத்து நொடி நின்றால், நம்மோடு வரும் பாத்திரம் விடையைச் சொல்லிவிடுகிறது. அழகான பள்ளத்தாக்கு ஒன்று திறக்கும், அதற்கு நடுவே, எங்கே போக வேண்டும் என்று காட்டும் மஞ்சள் குறியீடு மின்னும். கோடிக்கணக்கில் செலவு செய்து ஒரு உலகத்தைக் கட்டிவிட்டு, அதை நாம் நின்று பார்ப்போம் என்ற நம்பிக்கை மட்டும் இல்லாமல் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்.

பழையவிசை:

நன்றாக எழுதியிருக்கிறீர்கள். லூயிஸ் இடத்தில் முழுதாக ஒத்துப்போகிறேன். ஆனால் மொத்தமாக ஒத்துப்போக முடியவில்லை.

நான் விளையாட்டின் இயக்கத்துக்காக விளையாடுபவன். நடப்பதைத் தவிர அதிகம் வேலை இல்லாத இந்த மாதிரிக் கேம்களுக்கு வாக்கிங் சிமுலேட்டர் என்ற பெயர் கேலியாகத்தான் தொடங்கியது, எனக்கு அந்தக் கேலியில் விருப்பமில்லை. ஆனால் அதில் ஒரு நியாயமான கேள்வி இருக்கிறது. டியர் எஸ்தரை எடுத்துக்கொள்ளுங்கள். 2008-ல் ஹாஃப்-லைஃப் 2 என்ற கேமை மாற்றியமைத்த வடிவமாக (மோட்) வந்து, 2012-ல் தனிக் கேமாக வந்தது. ஒரு தீவில் நடக்கிறோம், ஒரு குரல் கடிதத் துண்டுகளைப் படிக்கிறது. தீவு அழகு, ஜெசிக்கா கரியின் இசை அழகு. ஆனால் நான் கதையைப் புரிந்துகொண்டாலும் புரிந்துகொள்ளாவிட்டாலும் அந்தத் தீவு ஒரே மாதிரிதான் என்னை முடிவுக்குக் கொண்டுபோய் விடுகிறது. நான் அங்கே தேவையா?

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின். லூகாஸ் போப் 2018-ல் வெளியிட்டது. 1807, காணாமல் போன ஒரு கப்பல் ஆளில்லாமல் திரும்பி வருகிறது. 60 பேருக்கு என்ன ஆனது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒரு சடலத்தின் அருகே நம்மிடம் இருக்கும் கடிகாரத்தைத் திறந்தால் அவர் இறப்பதற்குச் சற்று முன் நடந்த பேச்சு கேட்கும், பிறகு இறந்த நொடி உறைந்த காட்சியாக நிற்கும். அதில் சுற்றி நடந்து, யார் எந்த உடையில் இருக்கிறார், யார் எந்த மொழியில் பேசுகிறார், எந்தத் தொங்குபடுக்கையில் எந்த எண் என்று பார்த்துப் பெயரைப் பொருத்த வேண்டும். மூன்று பேரின் விதியைச் சரியாக எழுதினால்தான் கேம் உறுதி செய்யும். அந்தக் கப்பலில் ஒவ்வொரு முகமும் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது, ஏனென்றால் நான் அவர்களைக் கூர்ந்து பார்க்க வேண்டியிருந்தது. கதை புரியாமல் அங்கே ஒரு அடிகூட நகர முடியாது.

அதனால் என் கருத்து: வெறும் நேரம் மட்டும் போதாது. அந்த நேரத்தில் நான் யோசிக்க ஏதாவது இருக்க வேண்டும்.

ஒலிவாங்கி:

இரண்டு பேருமே கண்ணையும் கையையும் பற்றியே பேசுகிறீர்கள். காதை விட்டுவிட்டீர்கள். நான் ஒலிப்பதிவுத் துறையில் இருப்பதால் எனக்கு எப்போதும் அங்கேதான் முதலில் போகும்.

பிளேடெட் நிறுவனத்தின் இன்சைட் 2016-ல் வந்தது. பேச்சு கிடையாது, எழுத்து கிடையாது. ஒரு சிறுவன் ஓடுகிறான், அவ்வளவுதான். அதன் ஒலியை வடிவமைத்த மார்ட்டின் ஸ்டிக் ஆண்டர்சன், ஒலிகளை ஒரு மனித மண்டை ஓட்டின் வழியாகச் செலுத்தி, எலும்பில் ஏற்படும் அதிர்வைப் பதிவு செய்தார். நம் குரலை நாம் கேட்பது பாதி எலும்பு வழியாகத்தான். பதிவு செய்த சொந்தக் குரலைக் கேட்டால் அந்நியமாகத் தெரிவது அதனால்தான். இன்சைட்டின் ஒலி தலைக்கு உள்ளேயிருந்து வருவது போல இருப்பதற்கு இது ஒரு காரணம். இதைத் தெரிந்துகொள்வதற்கு முன்பே விளையாடியபோது, ஸ்பீக்கரில் இந்தக் கேம் ஏன் இப்படி நெஞ்சை அடைக்கிறது என்று திரும்பத் திரும்ப ஒரு அறையிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஹெல்பிளேட் 2017-ல் வந்தது. செனுவா என்ற பெண்ணின் தலைக்குள் குரல்கள். இரண்டு காதுகளுக்கும் தனித்தனியாக, பைனாரல் முறையில் பதிவு செய்தவை. ஒரு குரல் இடது தோளுக்குப் பின்னால் சிரிக்கும், இன்னொன்று வலது காதில் திரும்பிவிடு என்று கிசுகிசுக்கும். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஒருவரும், இத்தகைய குரல்களை வாழ்க்கையில் கேட்பவர்களும் உருவாக்கத்தில் ஆலோசனை சொன்னார்கள். தயவுசெய்து ஹெட்போன் இல்லாமல் இதை விளையாடாதீர்கள். சண்டையில் பின்னால் எதிரி வரும்போது அந்தக் குரல்களில் ஒன்றுதான் எச்சரிக்கும். நம்மை வதைக்கும் அதே குரல் காப்பாற்றவும் செய்கிறது என்பது எவ்வளவு சிக்கலான உணர்வு!

மௌனம் என்றால் ஷேடோ ஆஃப் தி கொலோசஸ், 2005. 16 பூதங்களைத் தவிர எதிரி கிடையாது, ஊர் கிடையாது. குதிரையில் போகும்போது பெரும்பாலும் குளம்பொலியும் காற்றும்தான். பூதத்தோடு மோதும்போது வீரமான இசை எழும். அது வீழ்ந்ததும் வெற்றி இசை வர வேண்டும் இல்லையா? துக்க இசை வரும். நான் எதையோ தவறாகச் செய்துகொண்டிருக்கிறேன் என்று அந்தக் கேம் முதலில் என் காதுக்குத்தான் சொன்னது. மூளை ஒத்துக்கொள்ள இன்னும் ஏழெட்டுப் பூதங்கள் ஆயின.

கலங்கரை:

ஒலிவாங்கி, மண்டை ஓடு விஷயத்தைப் படித்துவிட்டு இன்சைட்டை மறுபடி எடுத்துவிட்டேன். அந்தத் துக்க இசையை நானும் மறக்கவில்லை. எத்தனையோ கேம்கள் கொன்றதற்காக நம்மைப் பாராட்டியிருக்கின்றன, இது ஒன்றுதான் கொன்ற பிறகு என்னைத் தனியாக விட்டது.

பழையவிசை, நீங்கள் கேட்ட “நான் அங்கே தேவையா” என்ற கேள்வி என்னை இரண்டு நாள் விடவில்லை. பாதியை ஒத்துக்கொள்கிறேன். டியர் எஸ்தர் எனக்கும் தூரத்திலேயே நின்றுவிட்ட கேம். அதில் குரல் படிக்கும் துண்டுகள் ஒவ்வொரு முறையும் மாறி மாறி வரும், இரண்டு பேர் கேட்பது ஒன்றாக இருக்காது. அருமையான யோசனை. ஆனால் விளையாடும்போது அது நமக்குத் தெரியவே தெரியாது, வெளியே யாராவது சொன்னால்தான் உண்டு.

ஆனால் கான் ஹோமை அந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள் (நீங்கள் சேர்க்கவில்லை, சேர்ப்பீர்கள் என்று நினைத்து முந்திக்கொள்கிறேன்). 2013-ல் வந்த கேம். கதை நடப்பது 1995 ஜூன். வெளிநாட்டிலிருந்து ஒரு பெண் வீடு திரும்புகிறாள். புயல் இரவு, பெரிய வீடு, ஒருவரும் இல்லை. குளியல் தொட்டியில் சிவப்புக் கறை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் தலைமுடிச் சாயம். ஒவ்வொரு அறைக்குள்ளும் போனவுடன் விளக்கைப் போட்டுக்கொண்டே போனேன், பேய் வரும் என்று காத்திருந்தேன். வந்தது தங்கையின் காதல் கதை. அந்தப் பயத்தை யார் உண்டாக்கினார்கள்? இருட்டு வீடு என்றால் பேய்தான் என்று எனக்குப் பழக்கிவிட்ட முந்தைய கேம்கள்! அந்தப் பழக்கத்தோடு நான் உள்ளே வந்தால்தான் கான் ஹோம் வேலை செய்யும். ஆக அங்கே நான் தேவைப்பட்டேன். பட்டன் அழுத்த அல்ல, பயப்பட.

மூன்றாம்சாமம்:

ஃபயர்வாட்ச் முடிவு பற்றி யாராவது பேசுவீர்கள் என்று பார்த்தேன். நானே ஆரம்பிக்கிறேன். ஸ்பாய்லர் உண்டு.

எனக்கு அந்த முடிவு பெரிய ஏமாற்றம். யாரோ நம்மைக் கண்காணிக்கிறார்கள், பேச்சை ஒட்டுக்கேட்கிறார்கள், வேலி போட்ட ஆய்வு முகாம் இருக்கிறது என்று மணிக்கணக்கில் நெஞ்சு படபடக்க வைத்தார்கள். கடைசியில் பார்த்தால், மகனை இழந்த குற்ற உணர்வில் காட்டிலேயே ஒளிந்து வாழ்ந்த ஒரு அப்பா, அவ்வளவுதான். அதற்குப் பிறகு டிலைலாவின் கோபுரத்துக்குப் போனால் அவள் ஏற்கெனவே கிளம்பிவிட்டாள். முகத்தைக்கூடக் காட்டவில்லை. மனம் கசந்துபோனது.

ஆனால் இந்த இழையைப் படித்தபின் அந்தக் கசப்பு ஏன் என்று கொஞ்சம் புரிகிறது. ஹென்றி ஒரு பெரிய சதிக்காக ஏங்கினார். சதி இருந்தால் வீட்டில் இருக்கும் பிரச்சினையை யோசிக்க வேண்டாம் அல்லவா? அதே ஏக்கம் எனக்கும் இருந்தது. அதைப் பறித்ததால் எனக்குக் கோபம். அதற்காக முடிவு நன்றாக இருந்தது என்று இன்னமும் சொல்ல மாட்டேன். கடைசி ஒரு மணி நேரம் அவசரமாக ஓடுகிறது, அந்த அப்பாவின் ஒலிநாடா மட்டும் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கிறது. கலங்கரை சொல்கிற அந்த வெறும் நேரம் அங்கேதான் எனக்கு வேண்டியிருந்தது.

நான் நேசிக்கும் கேம் சைலன்ட் ஹில் 2, 2001. தொடக்கத்தில் ஊருக்குள் நுழைவதற்கு முன் மூடுபனிக்குள் ஒரு நீண்ட பாதை. ஒரு எதிரிகூட இல்லை. திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றும் அளவுக்கு நீளம். முதல் பாகத்தில் மூடுபனி வந்ததற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு: தூரத்துக் காட்சிகளைக் காட்ட பழைய பிளேஸ்டேஷனுக்குச் சக்தி போதவில்லை. அந்தக் குறையை மறைக்கப் போட்ட திரையே அந்தத் தொடரின் முகமாகிவிட்டது.

அதைவிட முக்கியமானது, அதன் முடிவுகள். எந்த முடிவு வரும் என்று மெனு போட்டுக் கேட்காது. நாம் எப்படி விளையாடினோம் என்று மறைவாகக் கணக்கு வைக்கும். நாயகன் ஜேம்ஸுடைய மனைவியின் புகைப்படத்தையும் கடிதத்தையும் அடிக்கடி எடுத்துப் பார்த்தோமா? காயம் பட்டு உயிர் குறைந்த நிலையிலேயே நடந்துகொண்டிருந்தோமா? வழியில் சந்திக்கும் ஏஞ்சலா என்ற பெண்ணிடமிருந்து வாங்கிய கத்தியை உற்றுப் பார்த்தோமா? மருந்தைச் சேமித்து வைக்கும் பழக்கம் உள்ளவன் நான். மற்ற கேம்களில் அது கெட்டிக்காரத்தனம். இங்கே ஜேம்ஸுக்கு வாழ விருப்பமில்லை என்று அதையே எடுத்துக்கொண்டு அதற்கேற்ற முடிவைக் கொடுத்தது. வருடங்கள் கழித்து இந்தக் கணக்கைப் படித்துத் தெரிந்துகொண்டபோது அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பழையவிசை:

மூன்றாம்சாமம், இதுதான் நான் சொன்னது! விளையாடும் முறையே கதையாவது. 2001-லேயே செய்துவிட்டார்கள்.

தேர்வுகள் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நிறையக் கேம்களில் “உங்கள் முடிவு கதையை மாற்றும்” என்கிறார்கள். இரண்டாவது முறை விளையாடினால் எல்லாப் பாதையும் ஒரே கதவுக்குத்தான் வருகிறது. எனக்கு அது ஏமாற்றுவேலையாகத் தோன்றும். கென்டக்கி ரூட் ஜீரோவில் இதை நேர்மையாகச் செய்கிறார்கள். 2013-ல் தொடங்கி 2020-ல் ஐந்தாவது அங்கத்தோடு முடித்தார்கள். தொடக்கத்திலேயே கூட வரும் நாய்க்கு என்ன பெயர் என்று நாம் தேர்ந்தெடுக்க வேண்டும். அதனால் கதையில் எதுவும் மாறப்போவதில்லை. ஆனால் நாயகன் கான்வே எப்படிப்பட்ட ஆள், எதை நினைவில் வைத்திருக்கிறார் என்பதை நாம்தான் எழுதுகிறோம். விளைவுகளைக் கணக்குப் போடும் வேலை இல்லாததால் மனசுக்குச் சரியென்று பட்டதைத் தேர்ந்தெடுக்க முடிந்தது. இயக்கம்தான் முக்கியம் என்று பேசும் நானே இதைச் சொல்கிறேன்.

டிஸ்கோ எலிசியம் பற்றி எழுத ஆரம்பித்தால் தனி இழை வேண்டும். 24 திறமைகளும் தலைக்குள் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு கருத்துச் சொல்லும் கேம் என்று மட்டும் இப்போதைக்கு.

புதுவரவு:

வணக்கம். இரண்டு வாரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், இன்றுதான் எழுதுகிறேன். ஸ்பாய்லர் என்று சொன்ன இடங்களையெல்லாம் தாண்டிவிட்டேன்.

நான் அதிகம் விளையாடியதில்லை. அக்காவும் நானும் சேர்ந்து உட்கார்ந்து இந்த மாதிரி ஒரு கேமை முடிக்க ஆசை. அவள் வாழ்க்கையில் கண்ட்ரோலரைப் பிடித்ததே இல்லை. எனக்குத் திடீரென்று பயமுறுத்தும் காட்சிகள் ஆகாது, ஆனால் சோமா பற்றி எல்லோரும் சொல்வதால் அதன்மேல் ஆசை இருக்கிறது. அப்புறம், சில முதல்நபர் கேம்களில் கொஞ்ச நேரத்திலேயே தலைசுற்றுகிறது. எங்கிருந்து தொடங்கலாம்?

கலங்கரை:

வாருங்கள் புதுவரவு. பயம், தலைசுற்றல் இரண்டையும் முதலில் சொல்கிறேன்.

சோமா 2015-ல் வந்தது. கடலுக்கு அடியில் ஒரு ஆய்வு நிலையம். மனிதன் என்றால் என்ன, என் நினைவுகளின் நகல் நானா என்ற கேள்விகளை இவ்வளவு நேராகக் கேட்ட கேம் வேறு எதையும் நான் விளையாடவில்லை. 2017 இறுதியில் அதில் சேஃப் மோட் என்ற ஒன்றைச் சேர்த்தார்கள். உருவங்கள் இருக்கும், ஆனால் உங்களைக் கொல்லாது. அதில் விளையாடுவது குறை என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். என்னைக் கேட்டால், துரத்தல்கள் அந்தக் கதைக்குத் தேவையே இல்லை. அந்த நிலையத்தில் நம்மைத் துரத்த வேண்டியது கேள்விகள்தான், அவை எந்த மோடிலும் துரத்தும். ஆனால் முதல் கேமாக வேண்டாம். இருட்டும் ஒலியும் உங்களைச் சோதிக்கும்.

தலைசுற்றலுக்கு: அமைப்புகளில் பார்வைக் கோணம் என்ற அளவு இருந்தால் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். கேமரா குலுக்கல், மோஷன் ப்ளர் (அசையும்போது காட்சி மங்குவது) இரண்டையும் நிறுத்திவிடுங்கள். திரையிலிருந்து தள்ளி உட்காருங்கள், அறையில் விளக்கு எரியட்டும். அப்படியும் சுற்றினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள், வீம்புக்குத் தொடர வேண்டாம்.

அக்காவோடு என்றால் ஜர்னியில் தொடங்குங்கள். 2012, இரண்டு மணி நேரத்தில் முடியும், பின்னாலிருந்து பார்க்கும் கேமரா, ஒரு வரி பேச்சுகூட இல்லை. மணலில் சறுக்கும்போது தவறு செய்யவே முடியாது, அதனால் கண்ட்ரோலர் புதியவர்களுக்கும் பயமில்லை. வழியில் முகம் தெரியாத இன்னொருவர் வந்து சேர்ந்துகொள்ளலாம். அவர் உலகத்தின் எந்த மூலையிலோ இருக்கும் ஒரு மனிதர். பேச முடியாது, ஒரு சின்ன ஒலி எழுப்ப மட்டும் முடியும். அந்த ஒலியை வைத்துக்கொண்டு நீங்கள் இருவரும் எவ்வளவு பேசிக்கொள்வீர்கள் என்று பாருங்கள்.

பிரதர்ஸையும் நினைத்தேன், அதுவும் மூன்று மணி நேரம்தான். ஆனால் ஒருவரே இரண்டு பக்கத்தையும் பிடித்தால்தான் அந்தக் கடைசி இடம் வேலை செய்யும். சேர்ந்து விளையாடினால் கெட்டுவிடும் என்று பயப்படுகிறேன். அதைத் தனித்தனியாக விளையாடுங்கள்.

ஒலிவாங்கி:

புதுவரவு, இதெல்லாம் பழகிய பிறகு அவுட்டர் வைல்ட்ஸ் பக்கம் வந்துவிடுங்கள். 2019. 22 நிமிடங்களுக்கு ஒருமுறை சூரியன் வெடிக்கும், நீங்கள் மறுபடி அதே கணப்பு நெருப்பின் அருகே விழிப்பீர்கள். ஆயுதம், பணம், நிலை உயர்வு எதுவும் கிடையாது. போன முறை தெரிந்துகொண்டது மட்டும்தான் உங்களோடு வரும். பழையவிசைக்கும் கலங்கரைக்கும் நடக்கும் வாதத்துக்கு இந்தக் கேம் ஒன்றே பதில் என்று நினைக்கிறேன்: யோசிக்க மலையளவு இருக்கிறது, சும்மா உட்கார்ந்து நெருப்பில் மார்ஷ்மெல்லோ வாட்டவும் இடம் இருக்கிறது.

ஆனால் எனக்கு அதன் உயிர் வேறு இடத்தில். வெவ்வேறு கோள்களில் தனித்தனியாகத் தங்கியிருக்கும் பயணிகள் ஆளுக்கு ஒரு வாத்தியம் வாசிக்கிறார்கள். ஒருவர் பேஞ்சோ, ஒருவர் புல்லாங்குழல், ஒருவர் சீழ்க்கை. சிக்னல்ஸ்கோப் என்ற கருவியை வானத்தில் ஒரு பக்கம் திருப்பினால் ஒரு வாத்தியம் கேட்கும். எல்லாக் கோள்களும் ஒரே திசையில் தெரியும் அளவுக்குத் தூரமாகப் பறந்து போய்த் திருப்பிப் பாருங்கள். அவர்கள் அத்தனை பேரும் ஒரே பாட்டை வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. விண்கப்பலை நிறுத்திவிட்டு, இசை மெதுவாக மாறி சூரியன் சிவக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த 22 நிமிடத்தில் நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை.

மூன்றாம்சாமம்:

அந்தக் கடைசி இசையை நினைத்தாலே எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கிறது. முதலில் அது எச்சரிக்கை போலிருக்கும், ஓடத் தோன்றும். பத்தாவது சுழற்சியில் அது கேட்டதும் கப்பலை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.

நீளமான கேம்கள் பற்றி யாரும் பேசவில்லை. எல்லாம் இரண்டு, மூன்று மணி நேரக் கேம்களாகவே வருகின்றன. 2010-ல் வந்த ரெட் டெட் ரிடெம்ப்ஷனில் மெக்சிகோவுக்குள் முதல் முறை நுழையும்போது ஹோசே கொன்சாலஸின் பாடல் ஒன்று வரும். குதிரையில் போவதைத் தவிர வேலை இல்லை. அதுவரை பல மணி நேரம் சுட்டு, ஓடி, களைத்தபின் வருவதால்தான் அந்தப் பாட்டுக்கு அவ்வளவு கனம். முதல் நிமிடத்திலேயே போட்டிருந்தால் வெறும் அழகாக மட்டும் இருந்திருக்கும். வெறும் நேரத்துக்கு முன்னால் நிறைந்த நேரமும் வேண்டும் என்பது என் எண்ணம்.

கலங்கரை:

இதை நான் யோசிக்கவில்லை. ஃபயர்வாட்ச்சின் முதல் பத்து நிமிடமும் அப்படித்தானே. ஹென்றியும் மனைவி ஜூலியாவும் சந்தித்த நாளிலிருந்து வெறும் எழுத்தாக வந்து போகும் அந்த வருடங்கள். அவற்றைச் சுமந்துகொண்டு காட்டில் நடப்பதால்தான் நடைக்குக் கனம். சரி, என் முதல் பதிவில் பாதியைத் திருத்தி எழுத வேண்டும் போலிருக்கிறது.

புதுவரவு:

ஸ்பாய்லர், பிரதர்ஸ். விளையாடாதவர்கள் தயவுசெய்து இங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஜர்னி முடித்தோம். இருவரும் அழுதோம். அக்கா கேட்ட முதல் கேள்வி “அடுத்தது என்ன”. கலங்கரை, மன்னிக்க வேண்டும், நீங்கள் வேண்டாம் என்று சொன்னதைச் செய்துவிட்டோம். சோபாவில் ஒட்டி உட்கார்ந்து ஒரு கண்ட்ரோலரை இரண்டு பேரும் பிடித்துக்கொண்டோம். இடது பக்கம் அவள், வலது பக்கம் நான். அவள் அண்ணன், நான் தம்பி. தம்பிக்கு நீந்தத் தெரியாது, தண்ணீர் வரும்போதெல்லாம் என் விரலால் பட்டனை அழுத்தி அவள் முதுகைப் பிடித்துக்கொள்ள வேண்டும். “விடாதே, விடாதே” என்று கத்திக்கொண்டே நீந்துவாள்.

அண்ணன் இறந்ததும் அக்காவுக்கு வேலை இல்லாமல் போனது. அவள் பக்கத்து ஸ்டிக்கை அசைத்துப் பார்த்தாள், எதுவும் நடக்கவில்லை. கண்ட்ரோலரை முழுதாக என்னிடம் கொடுத்துவிட்டு, காலைக் கட்டிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தாள். ஊருக்குத் திரும்பும் வழியில் தண்ணீர் வந்தது. தம்பி இறங்கவில்லை. என் ஸ்டிக்கைத் தள்ளினேன், என் பட்டனை அழுத்தினேன், பின்னால் போய் மறுபடி ஓடி வந்தேன். இறங்கவே மாட்டேன் என்கிறான். கேம் கெட்டுவிட்டதோ என்று நினைத்து மெனுவைத் திறக்கப் போனேன்.

அக்கா ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டி, என் மடியில் இருந்த கண்ட்ரோலரின் இடது பக்கத்தில் தன் பட்டனை அழுத்திப் பிடித்தாள். அவன் நீந்த ஆரம்பித்தான். அக்கரை சேரும் வரை அவள் விரலை எடுக்கவில்லை.